‘பொருட்சிலை’ வேண்டாம்

மொரீஷியசின் ரோஸ்ஹில் நகரில் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒரு தமிழ்ப் பாடத்தாளில் ‘மாபெரும் கிளிப் பொருட்சிலை’ என்று அச்சிட்டிருந்தார்கள். இந்த ஆண்டில் அந்தச் சொல் என் கண்ணில் படுவது மூன்றாம் முறை.

அந்த வரி குறிப்பிடுவது அன்றாடப் பொருள்களைப் பேருருவில் வடித்த அமெரிக்கச் சிற்பி க்ளேஸ் ஓல்டன்பர்க், பிலடெல்பியாவில் 1976இல் நிறுவிய படைப்பை. கொடியில் துணி காயப்போடும் கிளிப், 45 அடி உயரத்தில், எஃகினால் ஆனது.

சிலை என்பதற்கு முதற்பொருள் கல். ‘சிலா’ என்ற வடசொல்லின் வழி வந்தது. கல்லில் வடித்த உருவத்துக்கு ஆகி, இன்று வெண்கலத்துக்கும் வழங்குகிறது. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் சிலை என்றதும் ‘யாருக்கு?’ என்றுதான் தமிழர் கேட்போம். இங்கே கங்கா தலா ஏரிக்கரையில் 33 மீட்டர் உயரத்தில் சிவபெருமான் நிற்கிறார். அது சிலை, கும்பிடுகிறோம். கிளிப்பை யாரென்று கேட்பது? அந்தக் கிளிப்புக்கு எதிரிலேயே நகர மன்றக் கட்டடத்தின் உச்சியில் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் வெண்கலமாக நிற்கிறார். அவரையும் கிளிப்பையும் ஒரே சொல்லால் அழைத்தால், ஓல்டன்பர்க் செய்த புதுமை என்னவென்று பிள்ளைக்கு எப்படி விளங்கும்?

முன்னால் ஒட்டிய ‘பொருள்’ இன்னும் கெடுக்கிறது. பொருட்செல்வம், பொருட்பால் என்று படித்த மாணவன் பொருட்சிலையைச் செல்வத்துக்கு வைத்த சிலை என்றே கொள்வான். அவன்மேல் குற்றமில்லை.

இதற்குப் பொருந்தும் சொல் ‘சிற்பம்’. அது வடசொல் என்று ஒதுக்குகிறவர்கள் சிலையை மட்டும் எந்தக் கணக்கில் ஏற்றார்கள்? பழைய நிகண்டு சிற்பத் தொழிலுக்கு உரியவை என்று கல், உலோகம், செங்கல், மரம், மண், சுதை, தந்தம் தொடங்கிச் சருக்கரை, மெழுகு வரை பத்தைச் சொல்கிறது. எஃகுக் கிளிப்புக்கு அங்கே தாராளமாக இடமுண்டு. அம்மி, உரல், முறம் போன்றவற்றை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்கள் ‘புழங்குபொருள்’ என்கிறார்கள். இரண்டையும் சேர்த்தால் ‘புழங்குபொருட் சிற்பம்’. சற்று நீளம்தான், ஆனால் யாரும் தவறாகப் படிக்க முடியாது.

நம் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள். பள்ளியில் ஸ்தாத்யு (சிலை) வேறு, ஸ்குல்ப்த்யூர் (சிற்பம்) வேறு என்று பிரெஞ்சில் தெளிவாகக் கற்கிறார்கள். தமிழ் வகுப்புக்கு வந்ததும் அந்தத் தெளிவைப் பறிக்கிறோம். 1998இல் மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழின் இடம் மாறியபோது கொதித்தெழுந்து, அந்தத் தாள்களைத் திரும்பப் பெறவைத்த சமூகம் இது. அந்த அக்கறையில் ஒரு பங்கு மொழிபெயர்ப்பவர்களிடம் இருந்தால் போதும். அடுத்த பாடத்தில் ஓல்டன்பர்க்கின் இன்னொரு படைப்பான மினியாபொலிஸ் நகரத்துக் கரண்டியும் செர்ரிப் பழமும் வருகின்றனவாம். அதையாவது அச்சேறும் முன் திருத்துங்கள்.