எல்லாப் பொருளுக்கும் ஒரே ஸ்டாக்: 500

சப்ளையர்களுக்கான போர்ட்டல் ஒன்றை ஒரு நிறுவனத்துக்கு அமைத்துக் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து, அவர்களுடைய சப்ளையர் ஒருவரின் அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். போர்ட்டலில் வந்த ஆர்டரை அங்கிருந்த பணியாளர் பிரிண்ட் எடுத்தார். தாளைப் பார்த்துப் பார்த்துத் தங்கள் எக்செல்லில் மறுபடி தட்டினார். சரக்கு கிளம்பியதும் அதே எண்களைத் திரும்பவும் போர்ட்டலில் ஏற்றினார். ஸ்டாக் கட்டத்தில் மட்டும் எல்லாப் பொருளுக்கும் 500 என்றே இருந்தது. கிடங்கில் போய்ப் பார்த்தால், முதல் வரியில் இருந்த பொருளே நான்கு மடங்கு இருக்கும்.

ஏன் என்று கேட்டேன். “ஒரு தடவை உள்ளதை உள்ளபடி போட்டோம் சார். இவ்வளவு தேங்கிக் கிடக்கே, விலையைக் குறைங்கன்னு மறுநாளே போன் வந்துச்சு” என்றார்.

எத்தனை பயிற்சி வகுப்பு வைத்தாலும் அந்த 500 மாறாது. சப்ளையருக்குக் கணினி தெரியவில்லை என்று வாங்கும் நிறுவனங்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். நான் பார்த்தவரை தடை பெரும்பாலும் அதுவல்ல. கொடுக்கும் தகவல் நாளைக்குத் தனக்கே எதிராகத் திரும்புமோ என்கிற பயம்தான். செலவு ஒருவருக்கு, ஆதாயம் இன்னொருவருக்கு என்றால் அந்தப் பயத்தோடு மனக்கசப்பும் சேர்ந்துகொள்ளும்.

அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனமான வால்மார்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிகளிலும் அவற்றை அடுக்கும் பேலட் பலகைகளிலும் ஆர்எஃப்ஐடி பட்டை (ரேடியோ அலையால் படிக்கப்படும் அடையாளப் பட்டை) ஒட்டியிருக்க வேண்டும் என்று 2003-இல் தன் முதல் 100 சப்ளையர்களுக்குச் சொன்னது. கெடு 2005 ஜனவரி. பட்டைக்கான செலவு சப்ளையர் தலையில். பலர் லாரியில் ஏற்றும் நேரத்தில் ஒட்டி அனுப்பியதோடு சரி, தங்கள் வேலைக்குள் அதைக் கொண்டுவரவில்லை. இதே வால்மார்ட் 1980-களின் கடைசியில் சோப்பு, டயப்பர் போன்றவற்றைத் தயாரிக்கும் தன் சப்ளையர் பிராக்டர் அண்ட் கேம்பிளுடன் வேறு மாதிரி நடந்துகொண்டது. தன் விற்பனைக் கணக்கைத் தானே திறந்து காட்டி, அதைப் பார்த்து சரக்கை நிரப்பும் பொறுப்பையும் அவர்களிடம் விட்டது. அந்த ஏற்பாடு நிலைத்தது.

கப்பல் துறையில், சரக்குக் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் கணினி நிறுவனமான ஐபிஎம்மும் சரக்கு விவரங்களைப் பகிர்ந்துகொள்ள 2018-இல் கொண்டுவந்த டிரேட்லென்ஸ் தளத்தில் தொழில்நுட்பத்துக்குக் குறைவில்லை. ஆனால் போட்டி நிறுவனத்தின் தளத்தில் தன் சரக்கு விவரத்தை வைக்க யாருக்குத்தான் தயக்கம் இருக்காது? பெரிய நிறுவனங்கள் சில பின்னால் சேர்ந்தும், துறை முழுவதன் ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்று சொல்லி 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்தார்கள்.

அதனால் இப்போது நான் மென்பொருளைத் திறப்பதற்கு முன் பர்ச்சேஸ் தலைவரிடம் ஒன்று கேட்கிறேன்: ஸ்டாக் விவரத்தை விலைப் பேச்சுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தருவீர்களா? தயங்கினால் திட்டத்தைத் தள்ளிப்போடச் சொல்வேன். அப்புறம், சப்ளையருக்குத் திரும்ப என்ன கிடைக்கும் என்பது. அடுத்த எட்டு வாரத் தேவைக் கணிப்பு, பில் எந்தத் தேதியில் பாஸாகும் என்ற விவரம் இரண்டுமே அவர்களுக்குப் பெரிய விஷயம். சிறிய சப்ளையருக்கு இரண்டாவதுதான் உயிர்.

முதலில் சொன்ன நிறுவனத்தில் இதைச் செய்யவைக்க இரண்டு மாதம் பேச வேண்டியிருந்தது. பணம் வரும் தேதி போர்ட்டலில் தெரிய ஆரம்பித்து ஆறாவது வாரம், அந்தச் சப்ளையரின் முதல் வரியில் 500 போய் 1,940 வந்திருந்தது.