சொல் விளக்கம்: பெற்றவர்வழிக் குழந்தைக் கடத்தல்

'பேரன்ட்டல் சைல்டு அப்டக்‌ஷன்' என்பதைப் 'பெற்றோர் கடத்தல்' என்று சுருக்கினால், பெற்றோரையே யாரோ கடத்திவிட்டதாகப் பொருள்படும். 'குழந்தையை நாடு கடத்தல்' என்றாலோ அரசு வெளியேற்றியதாகிவிடும். தாய், தந்தை இருவரில் ஒருவர் மற்றவரின் உரிமையை மீறிச் செய்வதையே இச்சொல் குறிப்பதால், 'பெற்றவர்வழிக் குழந்தைக் கடத்தல்' என்பதே பொருந்தும்.

'அப்டக்‌ஷன்' அப்பால் இட்டுச்செல்லுதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் 'கட' என்னும் வினையின் பிறவினை 'கடத்து', அதாவது கடக்கச் செய்தல். இரண்டிலும் எல்லை தாண்டும் அசைவு மட்டுமே இருக்கிறது. ஆனால் இத்தகைய குழந்தைகளை விரைவில் திருப்பி அனுப்புவதற்காக 1980 அக்டோபர் 25 அன்று உருவான பன்னாட்டு ஒப்பந்தமான ஹேக் உடன்படிக்கை, 16 வயதுக்கு உட்பட்ட குழந்தையை முறைகேடாகக் கொண்டுசெல்வதோடு, முறைகேடாக நிறுத்திக்கொள்வதையும் சேர்த்தே பேசுகிறது. கோடை விடுமுறைக்கு இருவரின் இசைவோடும் திரும்பிவரும் பயணச்சீட்டோடும் புறப்பட்ட குழந்தை, குறித்த நாளில் விமானம் ஏறாமல் தாத்தா ஊர்ப் பள்ளியில் சேர்க்கப்படுகிறது. இங்கே எல்லை கடந்தது முறையாகத்தான். திருப்பி அனுப்பாததே தவறு.

இந்த வேறுபாடு தெரிந்தால்தான் முன்கூட்டியே காக்க முடியும். திரும்பும் நாளைக் குறித்த இசைவுக் கடிதத்தையோ, பயணத்தையே தடுக்க வேண்டுமானால் குழந்தையின் கடவுச்சீட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்கச் செய்யும் ஆணையையோ முன்பே பெற வேண்டும். நாள் தவறிவிட்டால் காத்திருக்கக் கூடாது. ஓராண்டுக்குப் பின் வழக்குத் தொடுத்தால், குழந்தை புதிய இடத்தில் வேரூன்றிவிட்டது என்று காட்டி எதிர்த்தரப்பு மறுக்க இடமுண்டு. காலத்தைக் கடத்துவதற்கும் தமிழில் இதே வினைதான் வருகிறது.

உடன்படிக்கையில் சேர்ந்துள்ள இலங்கை, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் அதற்கென்றே உள்ள மைய அதிகார அமைப்பிடம் குழந்தையைத் திருப்பி அனுப்பக் கோரி விண்ணப்பிக்கலாம். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை அப்படித் திருப்பி அனுப்பக் கோரும் வழக்கு தீர்க்காது; குழந்தை வழக்கமாக வாழ்ந்த நாட்டின் நீதிமன்றமே அதை முடிவு செய்யும். இந்தியா சேரவில்லையாதலால், இங்கே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவே, அதாவது குழந்தையை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோரும் மனுவே, பெரும்பாலும் வழியாகிறது.

அடி உதைக்குத் தப்பிக் குழந்தையோடு பிறந்தகம் வரும் தாயையும் 'கடத்தியவர்' என்றே இச்சொல் முத்திரை குத்துகிறது. திருப்பி அனுப்பினால் குழந்தைக்குக் கடும் தீங்கு நேரும் என்று மெய்ப்பித்தால், அனுப்ப மறுக்க உடன்படிக்கையே இடம் தருகிறது. இந்தியச் சட்ட ஆணையம் 2016-இல் தன் 263-ஆம் அறிக்கையில் தந்த வரைவு மசோதாவின் பெயரிலும் 'அப்டக்‌ஷன்' இல்லை. ஆகவே செய்தித் தலைப்பில் 'கடத்தல்' நின்றாலும், சட்டம் எழுதும்போது 'கொண்டுசெல்லல், நிறுத்திக்கொள்ளல்' என்று பிரித்தே எழுதுவதுதான் சரி.