ப்ளாக்: வலைப்பதிவா, வலைப்பூவா?

ப்ளாக் என்று தமிழில் எழுதினால், அது எந்தப் ப்ளாக் என்பதை வாசிப்பவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். ஏற்காடு ஒரு ப்ளாக். ஊராட்சி ஒன்றியத்தை அலுவலகங்களில் அப்படித்தான் சொல்கிறார்கள். விடுதியில் ஏ ப்ளாக், பி ப்ளாக் இருக்கின்றன. தொல்லை தருபவரைக் கைப்பேசியில் ப்ளாக் செய்கிறோம். பொங்கல் படத்துக்கு டிக்கெட்டைப் ப்ளாக்கில் வாங்குகிறவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் block, black, blog என மூன்று தனிச்சொற்களாக நிற்பவை தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. சேலத்தில் நான் தமிழ் நடத்தும் கல்லூரியில், இதழியல் தாளுக்காக ஒவ்வொரு மாணவரும் இணையத்தில் தேதிவாரியாக எழுதிவைக்கும் ப்ளாக் ஒன்றைச் சொந்தமாகத் தொடங்க வேண்டும் என்றானதும் அறிவிப்புப் பலகையில் எழுதினார்கள்: ‘ப்ளாக் வகுப்பு, பி ப்ளாக், முதல் மாடி.’

சொல்லின் பிறப்பு அண்மைக்காலத்தது. 1997 டிசம்பரில் ஜார்ன் பார்கர் என்ற அமெரிக்கர், இணையத்தில் தாம் படித்தவற்றை நாள்தோறும் குறித்துவைத்த பக்கத்துக்கு ‘வெப்லாக்’ என்று பெயரிட்டார். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்பவர் அந்தச் சொல்லை வேண்டுமென்றே தவறான இடத்தில் பிரித்தார். வெப், லாக் என்று பிரிய வேண்டியது ‘வீ ப்ளாக்’ ஆயிற்று. நாங்கள் ப்ளாகுகிறோம் என்று பொருள். விளையாட்டாகச் செய்த பிரிப்புதான் நிலைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் பிளாகர் சேவையைத் தொடங்கியது. 2003இல் கூகுள் அதை வாங்கிக்கொண்டது. நம் மாணவர்கள் பெரும்பாலும் தொடங்குவது அதில்தான்.

வெப் என்பது வலை. அதில் சிக்கல் இல்லை. சுவையெல்லாம் லாக்கில் இருக்கிறது. லாக் என்றால் மரக்கட்டை. பாய்மரக் கப்பல்களில், முடிச்சுகள் போட்ட கயிற்றின் நுனியில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். மணற்கடிகை ஒருமுறை வடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கைவழியே ஓடின என்று எண்ணினால் கப்பலின் வேகம் தெரிந்துவிடும். அதைக் குறித்துவைத்த ஏடு லாக் புத்தகம். கடலே இல்லாத சேலத்திலும் இந்தச் சொல் நெடுங்காலமாகப் புழங்குகிறது: அரசு ஜீப்பின் ஓட்டுநர், ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி வந்ததும், புறப்பட்ட கிலோமீட்டரையும் திரும்பிய கிலோமீட்டரையும் எழுதிக் கையொப்பம் வாங்குவது லாக் புத்தகத்தில்தான். தேதி, குறிப்பு, அடுத்த தேதி, அடுத்த குறிப்பு. இதுதான் லாக்.

தமிழுக்கு இந்த வழக்கம் புதிதல்ல. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வந்ததும் போனதும், துரைமார் பேசியதும் ஏசியதும் தேதிவாரியாக இருக்கின்றன. வலை மட்டும்தான் அவருக்கு வாய்க்கவில்லை.

இணையத்தில் தமிழில் எழுதத் தொடங்கியவர்கள் இதற்கு இரண்டு சொற்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்: வலைப்பூ, வலைப்பதிவு. வலைப்பூ அழகான சொல், சின்னச் சொல். மே மாதத்து மலர்க்கண்காட்சியைப் பார்த்து வளர்ந்த ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு அது உடனே பிடித்துவிடுகிறது. எனக்கு அதில் ஒரு குறை. வலைப்பூவை வினைச்சொல்லாக ஆக்க முடியாது. ‘நேற்று வலைப்பூத்தேன்’ என்று யாரும் எழுதமாட்டார்கள். தேதியும் குறிப்புமாக அடுக்கும் லாக்கின் சாயலும் பூவில் இல்லை.

பதிவு அப்படியல்ல. ஈர மண்ணில் கால் பதிகிறது. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசில் கல் பதிக்கிறார்கள். பத்திரம் பதிவாகிறது, ஏட்டில் பெயர் பதிவாகிறது. அச்சிட்டு வெளியிடுவதும் பதிப்புத்தான். அழுந்தி நிலைப்பது என்பதே இவை அனைத்திலும் ஓடும் பொருள். (பதிவிருத்தல் என்றால் மறைந்து காத்திருத்தல் என்றும் பழைய வழக்கு உண்டு. எல்லோரும் பார்க்கட்டும் என்று எழுதுகிறவர்களுக்கு அது ஒத்துவராது.) வலையில் பதிவது வலைப்பதிவு, ஏழாம் வேற்றுமைத் தொகை. நடுவில் ‘ப்’ மிகும். தலைப்பிலேயே அதை விட்டுவிட்டு வண்ணம் தேர்வதில் ஒரு மணி நேரம் செலவிடுகிறவர்களை என்ன சொல்வது?

இன்னொரு குழப்பம். ‘இன்றைக்கு ஒரு ப்ளாக் எழுதினேன்’ என்கிறார்கள். எழுதியது ஒரு கட்டுரை. ப்ளாக் என்பது கட்டுரைகள் சேரும் முழு ஏடு. ஏட்டை வலைப்பதிவு என்றும், அதில் இடும் ஒவ்வொன்றையும் இடுகை என்றும் சொன்னால் தெளிவாகிவிடும். இடுகையும் பதிவர்கள் கொடுத்த சொல்தான். படித்தவர் எழுதும் கருத்துக்குப் பின்னூட்டம், பல வலைப்பதிவுகளின் இடுகைகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் தளத்துக்குத் திரட்டி என்று அவர்கள் ஆக்கிய சொற்கள் அகராதிக் குழுக்களுக்குக் காத்திராமல் பரவின. பக்கத்தின் தோற்றத்துக்கு வார்ப்புரு, வெளியிடாமல் வைத்திருப்பதற்கு வரைவு. இவ்வளவு போதும், வகுப்பு நடத்திவிடலாம்.

லாக்கின் உயிர் தேதி என்றேன். வலைப்பதிவின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) நேர மண்டலம் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் இருந்துவிட்டால், சேலத்தில் காலை ஒன்பது மணிக்கு வெளியிட்ட இடுகை முந்தைய நாள் இரவில் எழுதியதாகக் காட்டும். புதியது மேலே, பழையது கீழே என்று அடுக்கும் ஏட்டில் இது சின்னப் பிழையல்ல. ஒப்படைப்புக்குக் கெடு இருக்கும்போது சிலர் அதை மாற்றாமலே விட்டுவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

எழுதுகிறவரைப் பதிவர் என்று சொல்ல வேண்டும். விடைத்தாளில் பாதிப்பேர் ‘பதிவாளர்’ என்று எழுதுகிறார்கள். பதிவாளர் பெரியார் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். பட்டச் சான்றிதழ் சம்பந்தமாக அவரிடம் பிறகு போய்க்கொள்ளலாம்.