குந்தா மலையில் மண் எங்கே கரைகிறது?

நீலகிரியில் எமரால்டு, இத்தலார் பக்கம் கனமழை பெய்து ஓய்ந்த காலையில் ஓடைத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வையுங்கள். கொஞ்ச நேரத்தில் அடியில் செம்பழுப்பாக ஒரு படிவு இறங்கும். மேலே கேரட், உருளைக்கிழங்கு விளையும் சரிவுகளின் மேல்மண் அது. குந்தா அணைகளிலும், கோவைக்குக் குடிநீர் தரும் பில்லூர் அணையிலும் இதுதான் சகதியாகச் சேர்கிறது.

சரி, மண்ணை மலையிலேயே நிறுத்தலாம். ஆனால் எல்லாச் சரிவிலும் ஒரே சமயத்தில் வேலை செய்யப் பணமும் ஆளும் கிடையாது. எங்கே தொடங்குவது என்பதற்குத்தான் செயற்கைக்கோள் வரைபடம் தேவைப்படுகிறது.

எந்தச் சரிவில் எவ்வளவு மண் கரையும் என்ற கணக்கின் அடிப்படை, அமெரிக்காவில் விஷ்மையர், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் உருவாக்கிய மண்ணரிப்புச் சமன்பாடு. மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், தரையை மூடியிருக்கும் பயிர், உழவு முறை எல்லாவற்றையும் எண்ணாக்கிப் பெருக்க வேண்டும். கூட்டல் இல்லை, பெருக்கல். அதனால் ஒரு எண் பூச்சியத்தை நெருங்கினால் விடையும் நெருங்கிவிடும். சோலைக்காடு மூடிய செங்குத்துச் சரிவில் மண் நிற்பதும், அதே சரிவைக் கொத்திப் போட்டால் ஓடுவதும் இதனால்தான்.

சரிவைக் கணக்கிட, 2000-ல் விண்வெளி ஓடம் ரேடாரால் அளந்த உயர வரைபடம் உதவுகிறது. பயிர் தரையை எவ்வளவு மூடியிருக்கிறது என்பதை ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் பார்க்கிறது. பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். வெறும் மண்ணில் அந்த வித்தியாசம் குறைவு. 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டமாக, சில நாட்களுக்கு ஒருமுறை படம் வருகிறது. ஒரே ஒரு படத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். இந்த மாதம் பச்சையாக இருக்கும் கேரட் தோட்டம், அறுவடை முடிந்ததும் வெறும் மண்தான். அது எந்த மழைக்கு முன்னால் வெறுமையாகிறது என்பதே முக்கியம். மழைக்காலத்தில் மேகம் மறைத்தால் ரேடார் செயற்கைக்கோள் கைகொடுக்கும்.

அப்புறம், கரைந்த மண் முழுக்க அணைக்குப் போய்ச் சேராது. வழியில் புல்வெளியோ புதரோ இருந்தால் பாதியிலேயே தங்கிவிடும். அதனால் கொஞ்சம் குறைவாக அரித்தாலும் ஓடையை ஒட்டிய தோட்டத்தைத்தான் பல இடங்களில் முதலில் கவனிக்க வேண்டியிருக்கும்.

உழவு முறையை மட்டும் இந்தப் படங்களில் நம்பிப் படிக்க முடியாது. பாத்தி சரிவின் குறுக்கே போகிறதா, மேலிருந்து கீழே இறங்குகிறதா என்பது 10 மீட்டர் கட்டத்துக்குள் கலந்துபோகும். நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும். மேலிருந்து கீழே பாத்தி போடும் விவசாயியைக் குறை சொல்லவும் முடியாது. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும் என்ற அவருடைய பயம் நியாயமானது. அவருக்குப் பொருந்துவது, மலைப்பக்கம் உள்வாட்டமாகச் சாயும் படித்தளம். மழைநீர் வெளி விளிம்பை அரிக்காமல் உள்ளே ஓடி, பக்கவாட்டில் புல் வளர்த்த வடிகாலில் மெதுவாக இறங்கும். கிழங்கும் அழுகாது, மண்ணும் ஓடையில் இறங்காது.