நுரைக்கும் ஒயினின் குமிழி எங்கிருந்து வருகிறது?

தமிழ்நாட்டில் 'ஒயின் ஷாப்' என்றால் பிராந்தியும் பீரும் விற்கும் கடை. ஐரோப்பா, அமெரிக்கா பக்கம் தெருமுனை ஒயின் கடை வேறு மாதிரி. வாரக்கடைசி மாலையில் நாலைந்து பாட்டிலைத் திறந்து வைத்து, வருபவர்களுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு வாய் ஊற்றிக் கொடுப்பார்கள். பிடித்ததை வாங்கிக்கொண்டு போகலாம். டிசம்பர் நெருங்கினால் அந்த வரிசையில் நுரைக்கும் ஒயின்கள்தான் அதிகம் நிற்கும்: இத்தாலியின் புரொசெக்கோ, ஸ்பெயினின் காவா, பிரான்ஸின் கிரெமான், ஷாம்பெய்ன்.

நான்கிலும் கரைந்திருப்பது ஒரே வாயு, கார்பன் டை ஆக்சைடு. விலையும் ருசியும் மட்டும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன? அந்த வாயு எந்தப் பாத்திரத்தில் பிறந்தது, எத்தனை மாதம் ஈஸ்ட்டோடு அடைபட்டுக் கிடந்தது என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி கடையிலேயே உண்டாகிறது: பாட்டில் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, கிளாஸை எப்படிக் கழுவினார்கள், எப்படி ஊற்றினார்கள். அருமையான ஷாம்பெய்னைக்கூட வெதுவெதுப்பாக ஒரு பிளாஸ்டிக் கப்பில் ஊற்றினால், ஒழுங்காகக் குளிரவைத்த சாதாரண புரொசெக்கோவிடம் அது தோற்றுப்போகும்.

பாட்டிலுக்குள் இரண்டாவது நொதித்தல்

இட்லி மாவைப் பொங்கவைக்கும் வாயுவும் இதுவே. மாவுப் பாத்திரத்தின் மூடி லேசாக இருப்பதால் வாயு வெளியேறிவிடுகிறது. ஒயினில் அதை வெளியே விடாமல் பிடித்துவைக்க வேண்டும். ஷாம்பெய்னில் அதைச் செய்யும் முறை இது: முதலில் சர்க்கரை முழுக்கத் தீர்ந்த, புளிப்பு தூக்கலான, ஏறத்தாழ 11 சதவீத ஆல்கஹால் உள்ள சாதா ஒயினைத் தயாரிக்கிறார்கள். அதில் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்ட்டும் சேர்த்து, கெட்டியான பாட்டிலில் ஊற்றி மூடிவிடுகிறார்கள். இந்தக் கட்டத்தில் போடுவது சோடா பாட்டிலுக்குப் போடும் தகர மூடிதான்; தக்கை பின்னால் வரும்.

கணக்கு எளிது. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். 24 கிராமுக்கு 6 பார், அதாவது கார் டயரில் உள்ளதைப் போல இரண்டரை மடங்கு. ஆல்கஹாலும் ஒன்றேகால் சதவீதம் கூடிவிடும். 750 மில்லி பாட்டிலில் கரைந்து கிடக்கும் வாயு 9 கிராம் அளவுக்கு வரும். வெளியே விட்டால் அது ஏறக்குறைய 5 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கு தெரியாத காலத்தில் பாதாள அறைகளில் பாட்டில்கள் படபடவென்று வெடித்தன. ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து போகும். ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்கவைக்கும் பழக்கத்தை 1662லேயே லண்டன் ராயல் சொசைட்டியில் கிறிஸ்டோபர் மெரெட் பதிவு செய்திருக்கிறார். நிலக்கரி உலையில் செய்த உறுதியான கண்ணாடி அப்போது இங்கிலாந்தில்தான் இருந்தது. ஆனால் எவ்வளவு சர்க்கரைக்கு எவ்வளவு அழுத்தம் என்று அளந்து சொன்னவர், ஷாம்பெய்ன் வட்டாரத்து ஷாலோன் ஊரைச் சேர்ந்த மருந்துக்கடைக்காரர் ஜான் பாப்டிஸ்ட் பிரான்சுவா. அது 1836இல். ஷாம்பெய்ன் பெரிய வணிகமாக வளர்ந்ததில் இந்த மனிதரின் பங்கு பெரிது. பெயர்தான் வெளியே தெரியவில்லை.

நொதித்தல் சில வாரங்களில் முடிந்துவிடும். உண்மையான வேலை அதற்குப் பிறகு. சர்க்கரை தீர்ந்ததும் ஈஸ்ட் செத்து, பாட்டிலின் அடியில் மண்டியாகப் படிகிறது. செத்த செல்களை அவற்றின் சொந்த நொதிகளே மெல்லக் கரைக்கின்றன. அப்போது வெளிவரும் புரதங்களும் சர்க்கரைப் பொருள்களும் நுரையை நிலைக்கச் செய்கின்றன. வறுத்த ரொட்டி, பிஸ்கட் வாசனை வருவதும் இதனால்தான். அவசரப்பட்டால் இது நடக்காது. அதனால்தான் சாதாரண ஷாம்பெய்ன் குறைந்தது 12 மாதம் மண்டியோடும், மொத்தம் 15 மாதமும் பாதாள அறையில் கிடக்க வேண்டும் என்று விதி. ஒரே ஆண்டின் திராட்சையில் செய்து ஆண்டைப் போட்டு விற்பதற்கு 3 ஆண்டு. காவாவுக்கு 9 மாதம்.

மண்டியை வெளியே எடுப்பது தனிக் கலை. பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சாய்த்து, கடைசியில் தலைகீழாக நிறுத்துகிறார்கள். மண்டி முழுக்கக் கழுத்தில் இறங்கிவிடும். கையால் செய்தால் பல வாரங்கள் ஆகும்; நூற்றுக்கணக்கான பாட்டில்களை ஒரே கூண்டில் வைத்துத் திருப்பும் இயந்திரத்துக்கு ஒரு வாரம் போதும். பிறகு கழுத்தை மட்டும் உறைநிலைக்கும் 25 டிகிரி கீழே உள்ள உப்புக்கரைசலில் முக்கினால், மண்டி பனிக்கட்டியாக இறுகிவிடும். மூடியைத் திறந்தால் உள்ளிருக்கும் அழுத்தமே அந்தக் கட்டியைத் துப்பிவிடும். குறைந்த அளவுக்குக் கொஞ்சம் ஒயினும் வேண்டிய சர்க்கரையும் சேர்த்து, இப்போதுதான் தக்கையைப் போட்டுக் கம்பிக்கூட்டால் கட்டுகிறார்கள்.

புரொசெக்கோவின் வழி வேறு. இரண்டாவது நொதித்தல் பாட்டிலில் இல்லாமல், அழுத்தம் தாங்கும் பெரிய எஃகுத் தொட்டியில் நடக்கிறது. இதற்கு 1895இல் காப்புரிமை பெற்றவர் இத்தாலியின் ஃபெதரிக்கோ மார்ட்டினோட்டி. 1907இல் அதை மேம்படுத்தியவர் பிரான்ஸின் யூஜின் ஷார்மா. சில வாரங்களில் வடிகட்டிப் பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். ரொட்டி வாசனை வர நேரம் இருக்காது. கிளேரா திராட்சையின் பேரிக்காய், பச்சை ஆப்பிள், வெள்ளைப் பூ வாசனை அப்படியே நிற்கும். இதை மட்டம் என்று சொல்லிவிடக் கூடாது. அந்தத் திராட்சைக்கு இதுதான் பொருத்தமான முறை. இவை தவிர, கோலி சோடா போலச் சிலிண்டரிலிருந்து நேராக வாயு ஏற்றும் மலிவு ஒயின்களும் உண்டு. ஐரோப்பாவில் அப்படிச் செய்திருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும்.

லேபிளில் ஒரு பொறி

சர்க்கரை அளவைச் சொல்லும் வார்த்தைகள் ஆளைக் குழப்புபவை. லிட்டருக்கு 3 கிராமுக்குள் இருந்து, கடைசியில் சர்க்கரை எதுவும் சேர்க்காதது 'புரூட் நேச்சர்'. 6 கிராம் வரை 'எக்ஸ்ட்ரா புரூட்'. 12 கிராம் வரை 'புரூட்'. பொறி அடுத்ததில் இருக்கிறது. 'எக்ஸ்ட்ரா டிரை' என்று போட்டிருப்பதில் இனிப்பு குறைவு என்று நினைத்து வாங்குகிறார்கள். அதில் 12 முதல் 17 கிராம் வரை, அதாவது புரூட்டைவிட அதிகம். 'டெமி செக்' 32 முதல் 50 கிராம், நன்றாகவே இனிக்கும்.

கடைகளில் ருசி பார்க்கும் வரிசை தப்பிப்போவதும் இங்கேதான். புரொசெக்கோ லேசானது என்று முதலில் கொடுப்பார்கள். அது எக்ஸ்ட்ரா டிரையாக இருந்தால், அதன் இனிப்பு நாக்கில் இருக்கும்போதே அடுத்து வரும் புரூட் ஷாம்பெய்ன் வெறும் எலுமிச்சைச் சாறு போலப் புளிக்கும். ஆகவே வரிசையைச் சர்க்கரையைப் பார்த்துத்தான் போட வேண்டும். புரொசெக்கோவை முதலில் வைத்தே தீர வேண்டுமானால் புரூட் வகையாகத் தேடி எடுப்பது நல்லது. மஸ்கட் திராட்சையில் செய்யும், 'ஆஸ்தி' என்ற இனிப்பான இத்தாலிய ஒயின் போன்றவற்றுக்கு எப்போதும் கடைசி இடம்.

அளவு: ஒருவருக்கு 50 மில்லி. கணக்குப்படி ஒரு பாட்டிலில் 15 பேர்; நுரையில் போவதையும் சேர்த்துப் பார்த்தால் 13, 14 பேர். ஐந்து ஒயின் என்றால் ஆளுக்கு 250 மில்லி, கிட்டத்தட்ட இரண்டு கிளாஸ். துப்புவதற்கு வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்தக் கூச்சப்பட வேண்டாம்; தொழில்முறையில் ருசி பார்ப்பவர்கள் எல்லோரும் துப்புபவர்கள்தான்.

குளிரும் தக்கையும்

திரவம் குளிரக் குளிர அதில் வாயு அதிகம் கரைந்து நிற்கும். 12 டிகிரியில் 6 பார் இருக்கும் பாட்டில், 20 டிகிரிக்கு வந்தால் ஏழரையைத் தாண்டும். 4 டிகிரியில் நாலரைக்கு இறங்கிவிடும். வெதுவெதுப்பான பாட்டில் திறந்ததும் பொங்கி வழிவதற்குக் காரணம் இதுவே. காரில் குலுங்கி வந்த பாட்டிலை உடனே திறந்தாலும் அப்படித்தான்: குலுக்கலில் உண்டான நுண்குமிழிகள் ஒவ்வொன்றும் வாயு வெளியேற ஒரு வாசலாகிவிடுகிறது.

பரிமாற ஏற்ற வெப்பநிலை 8 முதல் 10 டிகிரி. வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் போட்டு, கழுத்து வரை முக்கினால் அரை மணி நேரத்தில் குளிர்ந்துவிடும். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் நிற்கும், குளிர் பாட்டிலுக்குச் சரியாக ஏறாது. ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு மணி நேரம். ஃப்ரீஸரில் வைத்து மறந்தால் ஒயின் உறைந்து விரிந்து பாட்டில் உடையலாம்.

தக்கையின் அடியில் ஏறத்தாழ 15 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளிக்கொண்டிருக்கிறது. கம்பியை ஆறு அரைச்சுற்று திருகித் தளர்த்துங்கள்; அந்த நொடியிலிருந்து கட்டைவிரல் தக்கைமேல் இருக்க வேண்டும். பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, ஆள் இல்லாத பக்கம் வாயைத் திருப்பி, தக்கையை அசையாமல் பிடித்துக்கொண்டு அடிப்பாகத்தைப் பிடித்துப் பாட்டிலைத் திருகுங்கள். தக்கை மேலே வரும்போது கையால் அழுத்தி எதிர்ப்புக் கொடுத்தால் 'புஸ்' என்று பெருமூச்சு போல மெல்லிய சத்தம் வரும். டப்பென்று வெடிக்கவிட்டால் தக்கை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

கிளாஸில் ஒரு நூல் இழை

சுத்தமான, வழவழப்பான கண்ணாடியில் குமிழி தானாகப் பிறக்காது. அதற்கு முன்கூட்டியே ஒரு சின்னக் காற்றுப் பை வேண்டும். பிரான்ஸின் ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார் லிஜே பெலேர் அதிவேகக் கேமராவில் படமெடுத்துக் காட்டினார்: பெரும்பாலான குமிழிகள், கிளாஸில் ஒட்டியிருக்கும் செல்லுலோஸ் இழைகளின் உட்குழாயிலிருந்துதான் புறப்படுகின்றன. கிளாஸைத் துடைத்த துணியின் இழையாக இருக்கலாம், காற்றில் மிதந்து வந்த தூசியாக இருக்கலாம். இழைக்குள் சிக்கிய காற்றை நோக்கிக் கரைந்த வாயு பாய்கிறது. பை நிறைந்து நுனியில் ஒரு குமிழி கழன்று மேலே போகிறது. மிச்சம் இருக்கும் காற்றில் அடுத்தது வளர்கிறது. ஒரே இடத்திலிருந்து மணிச்சரம் போல வரிசையாக எழுவது இப்படித்தான். சில கிளாஸ்களின் அடியில் லேசரால் பொறித்த சொரசொரப்பான புள்ளி இருக்கும். அதன் வேலையும் இதுவே.

ஒரே பாட்டில், இரண்டு கிளாஸ், ஒன்றில் குமிழி துள்ளுகிறது, மற்றதில் சோர்ந்து கிடக்கிறது என்றால் ஒயினைக் குறை சொல்வதற்கு முன் கிளாஸைப் பாருங்கள். சோப்புப் படலம் ஒட்டியிருந்தால் குமிழியும் நுரையும் கெட்டுப்போகும். உதட்டுச் சாயத்தின் எண்ணெயும் நுரையைச் சிதைக்கும். வெந்நீரில் மட்டும் அலசி, கவிழ்த்து உலரவைத்து, பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். பிளாஸ்டிக் கப்பில் வேறு சிக்கல்: அதன் பரப்பில் திரவம் சரியாக ஒட்டாததால் குமிழிகள் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே பருக்கின்றன, சரமாக எழுவதில்லை.

ஊற்றும் விதமும் முக்கியம். நட்டமாக நிற்கும் கிளாஸின் நடுவில் ஊற்றினால் கொந்தளித்து வாயு வீணாகும். பீர் ஊற்றுவது போல கிளாஸைச் சாய்த்து ஓரமாக ஊற்றினால் அதிக வாயு தங்குகிறது என்று 2010இல் அதே ரெய்ம்ஸ் குழு அளந்து சொன்னது. ஊற்றிய பிறகும் இழப்பு நிற்பதில்லை. குமிழியாகப் போவது ஐந்தில் ஒரு பங்குதான். மீதி மேற்பரப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அகலத் தட்டு வடிவ கிளாஸில் ஒயின் சீக்கிரம் சப்பென்று ஆவது இதனால்தான். ஒடுங்கி உயர்ந்த கிளாஸில் வாயு மேலே தேங்கி மூக்கைச் சுரீர் என்று குத்தும், வாசனை பிடிபடாது. நடுவில் அகன்று வாயில் குறுகிய துலிப் வடிவமே ருசி பார்க்க உகந்தது.

நாக்கில் உண்டாகும் அந்தச் சுருசுருப்பு குமிழி வெடிப்பதால் வருவதாகத்தான் நெடுங்காலம் நினைத்தார்கள். உயர் அழுத்த அறையில் குமிழியே உண்டாகாதபடி குடிக்கவைத்துப் பார்த்தபோதும் சுருசுருப்பு இருந்தது. வாயில் உள்ள ஒரு நொதி, கார்பன் டை ஆக்சைடை அமிலமாக மாற்றுகிறது. புளிப்பை உணரும் செல்களும் வலி நரம்புகளும் அந்த அமிலத்தை உணர்கின்றன. மலையேறுபவர்கள் உயர நோய்க்கு எடுத்துக்கொள்ளும் அசிட்டசோலமைடு மாத்திரை இந்த நொதியைத் தடுக்கிறது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு பீரும் ஷாம்பெய்னும் சப்பென்று இருக்கும்.

பழுதும் மிச்சமும்

முகர்ந்தவுடன் வேகவைத்த முட்டைக்கோஸ் நாற்றம் அடித்தால், அது வெளிச்சம் பட்ட பாட்டில். ஒயினில் உள்ள ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் ஒளியை உறிஞ்சி, கந்தகம் கொண்ட ஓர் அமினோ அமிலத்தை உடைக்கிறது. நிறமற்ற கண்ணாடியில் சில மணி நேரமே போதும். இளஞ்சிவப்பு ஒயின்கள் அழகுக்காகப் பெரும்பாலும் அத்தகைய பாட்டிலில்தான் வருகின்றன. கடை ஜன்னலில் வெளிச்சத்தில் நிற்பதை வாங்காதீர்கள். உள்ளே பெட்டியில் இருப்பதைக் கேளுங்கள். ஈர அட்டை, பூஞ்சைத் துணி வாசனை வந்தால் குற்றம் தக்கையில். கடைக்காரரிடம் சொன்னால் நல்ல கடையில் உடனே வேறு பாட்டில் திறப்பார்கள்.

மிச்சம் இருந்தால் கழுத்தில் வெள்ளிக் கரண்டியைத் தொங்கவிட்டால் வாயு போகாது என்பார்கள். கரண்டியால் எந்தப் பயனும் இல்லை. குமிழி ஒருநாள் தாக்குப்பிடிப்பது ஃப்ரிட்ஜின் குளிரால். பாட்டில் வாயின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் உலோக மூடியைப் போட்டு, நிமிர்த்தி, குளிரில் வைத்தால் பாதிக்கு மேல் நிரம்பிய பாட்டில் இரண்டு நாள் தாங்கும். கால் பாட்டில்தான் மிச்சம் என்றால் மேலே காலியிடம் அதிகம், வாயு அதற்குள் வெளியேறிவிடும். அதை அன்றிரவே தீர்த்துவிடலாம்.