கல்விழுது, கல்முளை

சுண்ணாம்புக்கல் குகைக்குள் கூரையிலிருந்து தொங்குவது ஸ்டாலக்டைட், தரையிலிருந்து எழும்புவது ஸ்டாலக்மைட். எது எதுவென்று குழம்பாதவர்கள் குறைவு. தப்பு அவர்கள் மேல் இல்லை. இரண்டுமே சொட்டுதல் என்ற பொருள்தரும் கிரேக்க வேரிலிருந்து வந்தவை, மேலா கீழா என்று இரண்டும் சொல்வதில்லை. அதனால்தான் 'சீ என்றால் சீலிங், ஜீ என்றால் கிரவுண்ட்' என்று ஆங்கில எழுத்துக்கூட்டலின் நடுவிலுள்ள c, g எழுத்துகளை வைத்து நெட்டுரு போடவேண்டியிருக்கிறது.

தமிழில் அந்தத் தொல்லை இல்லை. தொங்குவது கல்விழுது, கிளம்புவது கல்முளை. விழுது என்றதும் ஆலமரம்தான் நினைவுக்கு வரும், பொருத்தமும் தொங்குவதோடு நிற்கவில்லை: ஆலம்விழுது தரையில் ஊன்றினால் தூணாகிவிடும், குகையிலும் விழுதும் முளையும் நீண்டு ஒட்டிக்கொண்டால் அது கல்தூண். முளைக்கு இரண்டு பொருள், விதை விடும் முளை, மாடு கட்ட அடிக்கும் முளை. பார்வைக்கு இரண்டாவதுதான் நெருக்கம், ஏனென்றால் மேலிருந்து விழும் சொட்டு தெறித்துப் பரவுவதால் கல்முளை பெரும்பாலும் தடித்து, தலை மழுங்கியே இருக்கும். ஆந்திராவில் அனந்தகிரி மலையிலுள்ள போரா குகையில் சிவலிங்கமாக வழிபடுகிறார்களே, அது ஒரு கல்முளைதான்.

சரி, கல் எப்படி விழுது விடுகிறது? மண்ணில் இறங்கும் மழைநீர் அங்குள்ள கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகி, சுண்ணாம்புக்கல்லைக் கரைத்தபடி குகைக்கு வருகிறது. குகைக் காற்று பட்டதும் வாயு பிரிந்துபோக, கரைந்திருந்தது கால்சைட் என்ற கனிமமாகப் படிகிறது. சொட்டின் விளிம்பில் மட்டும் வளையமாகப் படிவதால் விழுது முதலில் சுமார் 5 மி.மீ. அகலமுள்ள வெற்றுக் குழலாகத்தான் இறங்கும், துளை அடைபட்ட பிறகே நீர் வெளிப்பக்கமாக வழிந்து கூம்பாகத் தடிக்கும். முளைக்கு இந்த நடுத்துளையே கிடையாது. இந்தக் குழலை ஆங்கிலத்தில் சோடா ஸ்ட்ரா என்கிறார்கள், தமிழில் அதையே எழுத்துப்பெயர்க்காமல் குழல்விழுது என்றால் போதும்.

அப்புறம், 'சுண்ணாம்புக் குகை' என்பது வாய்ப்பேச்சுக்குச் சரி, எழுதும்போது 'சுண்ணாம்புக்கல் குகை' என்பதே பொருத்தம். சுண்ணாம்பு என்பது சுட்டு நீற்றியது, குகை உண்டாவதோ சுடாத சுண்ணாம்புக்கல்லில்.

குகைக்குப் போனால் விழுதைத் தடவிப் பார்க்காதீர்கள். பல விழுதுகள் ஆண்டுக்கு 0.1 மி.மீ. அளவில்தான் வளர்கின்றன, கையின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் அந்தப் படிவும் சரியாக ஒட்டாது, கறுப்பேறிவிடும்.