கார் பருவத்துக்கு என்ன நெல்? வடிகட்டிக்குள் நடக்கும் கணக்கு

அம்பாசமுத்திரம் பக்கத்து அண்ணாச்சி ஒருவர், கார் பருவத்துக்குத் தோதாக 110, 115 நாளில் அறுப்புக்கு வருகிற நெல் எது என்று போனில் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரகங்களோ ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. பருவம் என்ற இடத்தைத் தட்டினால் குறுவை, சம்பா, நவரை என்று வருகிறது. தாமிரபரணிப் பாசனத்தில் ஜூன் வாக்கில் கார், அக்டோபர் வாக்கில் பிசானம். அவர் எதைத் தட்டுவார்? தேர்வுகளைத் தட்டத் தட்ட பட்டியலைச் சுருக்கித் தருகிற வசதிதான் வடிகட்டி; பாதி வடிகட்டிகள் இங்கேயே படுத்துவிடும். பெயர்களிலும் இதே கூத்துதான்: ஒரே நெல்லை ஏஎஸ்டி 16 என்பவர் உண்டு, அம்பை 16 என்பவர் உண்டு, கணினிக்கு இரண்டும் வேறு வேறு நெல். எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே அடையாள எண்ணில் போய் நிற்கும்படி முதலில் கட்டிவைக்க வேண்டும். பார்வைக்குத் தெரியாத, சலிப்பான வேலை, ஆனால் இதைச் செய்யாமல் மேலே என்ன கட்டினாலும் நிற்காது.

சரி, அடுத்தது எண்ணிக்கை. ஒவ்வொரு தேர்வுக்கும் பக்கத்தில், இதைத் தட்டினால் எத்தனை கிடைக்கும் என்று காட்டுகிற சின்ன எண் இருக்கிறதே, என்னைக் கேட்டால் வடிகட்டியின் உயிரே அதுதான். அது இல்லாவிட்டால் நாலு கட்டத்தை டிக் செய்துவிட்டு ‘முடிவுகள் இல்லை’ என்ற வெற்றுப் பக்கத்தில் போய் முட்டிக்கொண்டு, எதை எடுத்துவிடுவது என்று தெரியாமல் முழிக்க வேண்டியதுதான்.

பத்து லட்சம் பதிவுகளில் இந்த எண் எப்படி நொடியில் வருகிறது? ஒவ்வொரு தேர்வுக்கும், பொருந்துகிற பதிவுக்கு 1, பொருந்தாததற்கு 0 என்று ஒரு வரிசை போட்டுவைப்பது ஒரு வழி. எட்டு ரகங்கள் மட்டும் இருந்தால், காருக்கு ஏற்றவை 11010101, குறுகிய வயது, அதாவது சீக்கிரம் அறுப்புக்கு வருகிறவை, 10011100. இரண்டிலும் 1 இருக்கிற இடத்தில் மட்டும் 1 போட்டால் 10010100, ஆக மூன்று ரகங்கள். இந்தக் காலத்துக் கணினியின் புராசஸர் ஒரே கட்டளையில் 64 இடங்களை இப்படி ஒப்பிட்டுவிடும். பத்து லட்சம் பதிவுக்கான ஒரு வரிசைக்கு 1,25,000 பைட்தான், ஒரு சின்னப் புகைப்படம் அளவுகூட இல்லை.

இதில் ஒரு நுணுக்கம். பருவம், வயது போல ரகத்தைப் பார்க்கிற ஒவ்வொரு கோணத்தையும் ஒரு முகம் என்போம். பருவமும் வயதும் வேறு வேறு முகங்கள் என்பதால் இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும். ஆனால் ஒரே முகத்துக்குள் கார், பிசானம் இரண்டையும் தட்டினால் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். அதனால் காரைத் தட்டிய பிறகு பிசானத்துக்குப் பக்கத்தில் போடும் எண்ணைக் கணக்கிடும்போது, வயதுத் தேர்வை வைத்துக்கொண்டு பருவத் தேர்வை மட்டும் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் பிசானத்துக்கு மட்டுமே ஏற்ற ரகங்கள் கணக்கிலேயே வராது. நிறைய தளங்கள் சறுக்குவது இங்கேதான்.

ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்துச் சேர்க்கும் இந்த யோசனை கணினிக்கு முந்தையது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது, 1933-இல் நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். பொருள், செயல், இடம், காலம் என்று தனித்தனியாகக் குறித்துக் கோத்துக்கொள்ளலாம்.

வயதைத் தேர்ந்தெடுக்க, விரலால் இழுத்து நகர்த்துகிற கோல் (ஸ்லைடர்) வைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். வயல்வேலை பார்த்த கட்டைவிரலால் 112-இல் கொண்டுபோய் நிறுத்த முடியுமா என்ன? 120-க்குள், 120 முதல் 135 வரை, அதற்கு மேல் என்று மூன்று பட்டன் போதும். அப்புறம், தட்டியதெல்லாம் பக்கத்தின் முகவரியிலேயே பதிவாக வேண்டும். அண்ணாச்சி அதை வாட்ஸ்அப்பில் மச்சானுக்கு அனுப்பினால், கல்லிடைக்குறிச்சியில் அவருக்கும் அதே மூன்று ரகங்கள்தான் திறக்க வேண்டும்.